லேபிளின் பின்பக்கம்

ஆடி பதினெட்டு அன்று ஆற்றங்கரைக்காரர்கள் ஆற்றுக்குப் போவார்கள். சிவகாசிக்காரர்கள் அச்சகத்துக்குப் போவார்கள். அன்றுதான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி கும்பிட்டு வெளியிடுவது அந்த ஊர் வழக்கம்.

ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம் இல்லை. அது மாதிரிப் புத்தகம். முருகன், லட்சுமி, ஏசுநாதர், மெக்கா, தலைவர்கள், ரோஜாப்பூ, தொட்டில் குழந்தை என்று அந்த வருஷம் அச்சாகப்போகிற அத்தனை படமும் நம்பர் போட்டு அதில் இருக்கும். ஏஜென்ட் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நகைக்கடைக்காரர் புரட்டிப் பார்த்து, ‘இந்த முருகன்ல ஐந்நூறு போடுங்க’ என்பார். முருகனுக்குக் கீழே கடைப்பெயர் ஏறும். தை பிறந்ததும் ஆல்பத்தின் ஆயுசு முடிந்தது. அடுத்த ஆடிக்கு வேறு ஆல்பம்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி நாற்பது வருஷம் இந்த வேலை பார்த்தவர். வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. பேத்திக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பத்திரிகை வாங்கிக்கொள்ளப் போயிருந்தேன். வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. பரணிலிருந்து மூன்று டிரங்குப் பெட்டியை இறக்கி முற்றத்தில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் எடைத் தராசோடு பழைய பேப்பர்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணாச்சியின் மகன் என்னைப் பார்த்ததும், “வாங்க சார், நீங்களாச்சும் சொல்லுங்க. முப்பது வருஷத்துக் குப்பையைத் தலைக்கு மேல வச்சுக்கிட்டுத் தூங்குறோம். எடைக்குப் போட்டுருவோம்னா அப்பா முகத்தைத் திருப்பிக்கிடுதாரு” என்றார்.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினார்.

முதல் பெட்டியில் ஆல்பங்கள். இரண்டாவதில் பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக. மூன்றாவதில் விலைப்பட்டியல், நோட்டீஸ், கூடவே சம்பந்தமே இல்லாமல் ஒரு வழவழப்பான மடிப்புத்தாள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் விற்பனைப் பிரசுரம்.

சிவகாசியில் ‘ஸ்டாண்டர்டு’ என்றால் பட்டாசுதான் ஞாபகம் வரும். இது வேறு ஸ்டாண்டர்டு. மெட்ராஸில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து தயாரித்த கார். இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டுதான் மூலம். அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ரெண்டு கதவு, முன்பக்கம் முழுசாகத் தூக்கித் திறக்கும் பானெட். அண்ணாச்சிக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும்போது மதுரையில் ஒரு ஷோரூம் வாசலில் நின்று கேட்டு வாங்கிய தாள் அது.

“கார் வாங்கினீங்களா அண்ணாச்சி?”

“என்னத்த வாங்க. சைக்கிளுக்கே தவணை கட்டிக்கிட்டிருந்தேன். படம் சும்மா குடுத்தாம்லா, அதை வாங்கிக்கிட்டேன்.”

பேப்பர்காரர் சிரித்துவிட்டார். மகன் சிரிக்கவில்லை. “இதான் சார் பிரச்னை. வாங்காத காருக்கு எதுக்கு சார் பெட்டி?”

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. விற்பதற்காக அச்சடித்த காகிதம் அது. விற்றாயிற்று, அல்லது விற்கவில்லை. ரெண்டில் எதுவானாலும் அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் அதை வைத்திருப்பது பாசமா, பைத்தியமா?

இந்தப் பைத்தியம் உலகம் முழுக்க இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஹெர்ஷி என்று ஒரு ஊர், சாக்லேட்டுக்குப் பேர்போனது. அங்கே பழைய கார் அபிமானிகள் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. கார் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்த விற்பனைப் பிரசுரங்களை அடுக்கி, எண் போட்டு, பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். டெட்ராய்ட் பொது நூலகத்தில் கார் வரலாற்றுக்கென்றே தனிப்பிரிவு. இங்கிலாந்தில் பியூலி கார் மியூசியத்திலும் அப்படியே.

காரணம் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு முந்தைய காரை ஒருவர் பழுதுபார்த்து பழைய நிலைக்குக் கொண்டுவர நினைக்கிறார். அன்று அதற்கு என்ன நிறம் இருந்தது? சீட்டுத் துணி என்ன? பம்பரில் அந்தப் பட்டை உண்டா, கிடையாதா? கம்பெனி மூடியிருக்கும். பொறியாளர்கள் காலமாகியிருப்பார்கள். காரோ நாலு முறை பெயின்ட் மாற்றியிருக்கும். பதில் சொல்லக்கூடியது அந்த இலவசத் தாள் மட்டும்தான். கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடு அறக்கட்டளை 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பளபளவென்று நிற்கிற ஒவ்வொரு பழைய வண்டிக்கும் பின்னால் இப்படி யாரோ எங்கோ தூக்கிப் போடாத காகிதங்கள் இருக்கும்.

நம் ஊரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்தில் கார் விற்கப் பிரசுரமே தேவையில்லை. லைசென்ஸ் ராஜ்யம். பணம் கட்டிவிட்டு அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் வருஷக்கணக்கில் காத்திருந்த தேசம் இது. கார் வருகிறவரைக்கும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, காத்திருக்கிறவன் கையில் கொடுத்த படம் அது. அண்ணாச்சியைப் போலக் காத்திருக்கக்கூட வசதி இல்லாதவர்களுக்கு அந்தப் படம்தான் கார்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். அவர் கெட்டிக்காரர். எம்.பி.ஏ. படித்தவர். ஒரே வரியில் திருப்பி அடித்தார்.

“சார், விளம்பரம்னாலே பொய்தானே? பொய்யைப் போய்ப் பத்திரப்படுத்துவாங்களா?”

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் பான்டியாக் கார் விளம்பரங்களை 1959-லிருந்து 1971 வரை ரெண்டு ஓவியர்கள் சேர்ந்து வரைந்தார்கள். ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக் காரை வரைவார். வான் காஃப்மன் பின்னணியையும் ஆட்களையும் வரைவார். நிஜக் காரைவிடப் படத்துக் கார் அகலமாக இருக்கும். தெரியாமல் செய்த தப்பு இல்லை, தெரிந்தே செய்த அழகு. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவன், வாசலில் வந்து நிற்கிற காரை அந்தப் படத்தின் கண்ணாடி வழியாகவே பார்ப்பான்.

நம் பட்டாசு லேபிள் மட்டும் என்னவாம்? டப்பாவின் மேல் வானம் முழுக்கப் பூ விரியும். பற்றவைத்தால் ‘புஸ்’ என்று ஒரு சீறல், அதோடு சரி. நாமும் வருஷா வருஷம் ஏமாறுகிறோம். சந்தோஷமாகத்தான் ஏமாறுகிறோம்.

ஆனால் நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? போலிப் பத்திரம் என்று நிரூபணமானாலும் அதைக் கிழித்துப் போட மாட்டார்கள். எண் போட்டு, தேதி போட்டு, சான்றாவணமாகக் கோப்பில் வைப்பார்கள். யார், எப்போது, எதற்காக இப்படிச் சொன்னார்கள் என்பதற்கு அந்தப் பொய்தான் சாட்சி. தேதியோடு பத்திரப்படுத்திய பொய், காலம் போகப்போக ஒரு உண்மையைச் சொல்ல ஆரம்பிக்கும். ‘இந்த ஜனங்கள் 1966-ல் எதற்கு ஆசைப்பட்டார்கள்?’ என்று கேட்டால், அரசாங்கப் புள்ளிவிவரத்தைவிட அந்த ஹெரால்டு தாள் நன்றாகப் பதில் சொல்லும்.

சிவகாசியின் கதையே லேபிளில்தான் தொடங்குகிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்து, அடுத்த வருஷம் இங்கே தொழிலை ஆரம்பித்தார்கள். மழை பொய்த்த, காய்ந்த பூமி. விவசாயத்துக்குச் சாபமான அந்த வறட்சி தீக்குச்சிக்கு வரமானது. தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் லித்தோ அச்சு வந்தது, பிறகு ஆஃப்செட் வந்தது, காலண்டர் வந்தது, டைரி வந்தது. நேரு சொன்னதாக ஊரே சொல்லும் ‘குட்டி ஜப்பான்’ பட்டமும் வந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் நிறைந்த காலம். கடையில் போய் கம்பெனிப் பெயரையா சொல்வார்கள்? ‘அணில் ஒண்ணு குடு’, ‘காக்கா ஒண்ணு குடு’ என்பார்கள். படம்தான் பெயர். படம்தான் நம்பிக்கை. அதனால்தான் ஒருவர் லேபிளை இன்னொருவர் லேசாக மாற்றி அடித்து விற்கப் பார்ப்பதும் நடந்தது. ‘இந்தப் படம் எங்களுடையது, இத்தனை வருஷமாக எங்களுடையது’ என்று சண்டை வந்தால், பழைய லேபிளைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும். குப்பைக்குப் போகவேண்டிய துண்டுத்தாள் அன்றைக்கு மூலப்பத்திரம் ஆகிவிடும்.

மகன் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி சார், அழகாத்தான் இருக்கு. நல்லதா நாலு எடுத்து ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிருவோம். மீதி எடைக்கு.”

நல்ல சமாதானம்தான் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த அக்கா பேசினார்.

கல்யாண வேலைக்கு ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்துத் தெருக்காரர். ஐம்பது வயசு இருக்கும். பெட்டியிலிருந்து இறக்கிய லேபிள் கட்டுகளைத் தூசி தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கட்டை எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“இது நான் ஒட்டுனது” என்றார்.

“எதுக்கா?”

“இந்த லேபிளு. எட்டு வயசுல தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன். விடிய முன்னாடி வண்டி வந்து ஊருக்குள்ள நின்னு ஹாரன் அடிக்கும். அம்மா தூக்கத்துலயே தூக்கி உக்கார வச்சு விட்டுருவா. பெட்டி ஒட்டுறது, லேபிள் ஒட்டுறது. பசை காஞ்சு விரலெல்லாம் தோலு உரியும். சாப்பிட உக்காந்தா காரம் பட்டு எரியும்.”

யாரும் பேசவில்லை.

“கூலி எம்புட்டுக்கா?”

“குரோஸ் கணக்கு. நூத்தி நாப்பத்தி நாலு பெட்டி ஒரு குரோஸ். கூலி எம்புட்டுன்னு எனக்குத் தெரியாது. அம்மா வாங்கிக்கிருவா.” லேபிளைத் திருப்பிப் பார்த்தார். “நல்லா இருக்குன்னு சொல்லுதீங்க. இருக்கட்டும். எனக்கு இதைப் பாத்தா பசை வாடைதான் வருது. இதையவா ஹால்ல மாட்டப்போறீங்க?”

அதுவரை நான் சேர்த்து வைத்திருந்த வாதமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் உட்கார்ந்துவிட்டது.

அது எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு அது ஒரு கம்பெனியின் கதையும் இல்லை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 1990-ல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படமே எடுத்தார். எம்.சி.மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். அந்த வழக்கு சிவகாசிக் குழந்தைகளுக்காகப் போட்ட வழக்கு. அதற்குப் பிறகு நிலைமை மாறியது. பள்ளிக்கூடங்கள் நிறைந்தன. ஆனால் தீ மட்டும் விடவில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 உயிர்கள் போயின. இந்த மாவட்டத்துக்காரர்கள் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள்.

பட்டாசு லேபிளை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். கையில் மத்தாப்போடு சிரிக்கிற குழந்தை. புதுச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, கொழுகொழு கன்னம். படத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தபோது, அதே மாதிரி ஒரு தாளில் பசை தடவிக்கொண்டிருந்தது இன்னொரு குழந்தை. பான்டியாக் காரை அகலமாக்கிய பொய் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? தூக்கிப் போட்டுவிடலாமா?

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த அக்காவின் விரலை எரித்த காகிதத்துக்கு டிரங்குப் பெட்டியில் மரியாதை எதற்கு? ஆனால் கொஞ்சம் யோசித்தால், எடைக்குப் போட்டால் யாருக்கு லாபம்? அக்காவின் எட்டாவது வயசு திரும்பி வராது. அப்படி ஒரு வயசு இருந்தது என்பதற்கு இருந்த சாட்சி மட்டும் போய்விடும். அழித்தால் சுத்தமாவது வேலைக்கு வைத்தவர்களின் கதைதான். வேலை பார்த்தவளின் கதை இல்லை.

சரி, மகன் சொன்னபடி ஃப்ரேம் போட்டு மாட்டினால்? இப்போது பழைய தீப்பெட்டிப் படங்களுக்கு ஏக மவுசு. டி-ஷர்ட்டில் போடுகிறார்கள், காபிக் கோப்பையில் போடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் படம் மட்டும் வருகிறது, ஒட்டிய கை வருவதில்லை. முதல் தடவை அந்தக் கையின் உழைப்பைக் குறைந்த கூலிக்கு வாங்கினார்கள். ரெண்டாவது தடவை, அப்படி ஒரு கை இருந்ததே தெரியாமல் அழகை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். தெரிந்த பிறகு செய்தால்?

வைத்திருப்பது வேறு, கொண்டாடுவது வேறு. ரெண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வீட்டில் தாத்தாவின் பழைய கடன் பத்திரம் இருக்கும். அதைப் பூஜையறையில் வைத்துக் கும்பிட மாட்டோம். கிழித்தும் போட மாட்டோம். யாரிடம் எவ்வளவு பட்டோம் என்று பேரனுக்குத் தெரிய வேண்டும் என்று பீரோவில் வைத்திருப்போம். அப்படி வைக்கவேண்டிய காகிதங்களும் உலகத்தில் உண்டு.

இங்கே ஒரு விஷயம். காலண்டர் படங்களில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துவிட்டுக் கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டுப் பூஜையறைகளில் பாதிக்கு மேல் குடியேறினார்கள். அவர் பெயர் படத்தின் ஓரத்தில் இருக்கிறது. சீடர்களுடைய பெயரையும் பக்கத்தில் சேர்த்துப் போட்ட மனுஷர் அவர். லேபிளில் ஓவியர் பெயர் இருக்காது. அச்சகத்தின் பெயர் எறும்பு அளவில் இருக்கும். ஒட்டியவர் பெயர் எங்கேயும் இருக்காது. முன்பக்கம் முழுக்க விற்பவருக்குச் சொந்தம்.

ஆனால் எந்தக் காகிதத்துக்கும் ஒரு பின்பக்கம் உண்டு.

நான் அண்ணாச்சியிடம் கேட்டேன். “அண்ணாச்சி, இந்த லேபிளுக்குப் பின்னாடி அக்கா சொன்னதை எழுதி வச்சா என்ன?”

அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். “என்னம்மா, எழுதலாமா? உனக்குச் சங்கடம்னா வேண்டாம்.”

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கதை அவருடையது. அதை எழுதுவதா வேண்டாமா என்று சொல்லும் உரிமையும் அவருடையது. சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, நல்ல காரியத்துக்காகக்கூட.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எழுதுங்க தாத்தா. என் பேரையும் போடுங்க. எங்கயாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டும்.”

அண்ணாச்சி பேனாவை எடுத்தார். நான் பென்சில் கேட்டேன். இது காகிதம் காப்பவர்கள் எல்லோரும் சொல்கிற பாடம். பேனா மை ஊறி மறுபக்கம் தெரியும், ஈரம் பட்டால் பரவும். மெல்லிய பென்சில் எழுத்து நிற்கும். செல்லோ டேப் கூடவே கூடாது, மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் செய்தால் திரும்ப எடுக்கவே முடியாது. ஓட்டுக்குக் கீழே பரணில் வைத்தால் சூட்டில் அப்பளமாக நொறுங்கும். காற்றோட்டமான அலமாரியில், வெயில் படாமல், படுக்கவைத்து அடுக்க வேண்டும். தீப்பெட்டி நமுக்காமல் காத்த சிவகாசிக் காற்று காகிதத்தையும் காக்கும். இந்த ஊருக்கு அது இயற்கை கொடுத்த வசதி.

அன்று சாயந்தரம் வரைக்கும் எழுதினோம். அக்கா சொல்லச் சொல்ல அண்ணாச்சி எழுதினார். அவருடைய ஆல்பங்களின் பின்பக்கத்திலும் எழுதினார். இந்த முருகனை எந்த ஊரில் யார் விரும்பிக் கேட்டார்கள், எந்த வருஷம் எந்தப் படம் விலைபோகவில்லை, எந்தக் கடைக்காரர் காசு கொடுக்காமல் இழுத்தடித்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் நாற்பது வருஷத்து அலைச்சலை அவர் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். பேப்பர்காரர் எப்போதோ போய்விட்டார்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவில்லை. அதையும் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு ஆல்பம், வகைக்கு ரெண்டு லேபிள் என்று அண்ணாச்சியே பொறுக்கினார். மூன்று பெட்டி ஒரு பெட்டியானது. மீதி மறுநாள் எடைக்குப் போனது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிற ஆசையில் பாசத்தைவிடப் பயம்தான் அதிகம். இருக்கிறவர்கள் குடியிருக்கவும் வீட்டில் இடம் வேண்டுமில்லையா? பேத்தி கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் படுத்துத் தூங்கப் பரணுக்குக் கீழே இடம் வேண்டும்.

சேர்ப்பவர்களில் ரெண்டு வகை உண்டு. ‘என்னிடம் மட்டும்தான் இருக்கிறது’ என்று பூட்டி வைப்பவர்கள் ஒரு வகை. ‘யாருக்காவது வேண்டியிருக்கும்’ என்று எடுத்து வைப்பவர்கள் இன்னொரு வகை. காரைக்குடி பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகம் மட்டுமில்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஊரே தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்க வழிசெய்தது. இன்றைக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இல்லாமல் தமிழ் அச்சு வரலாற்றை எழுத முடியாது. சேர்த்தது பாசமா பேராசையா என்று சந்தேகம் வந்தால் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இதை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வருகிறதா?

அண்ணாச்சிக்கு வந்தது. ‘எனக்குப் பிறகு இந்தப் பெட்டியை ஏதாவது நூலகத்துக்குக் கொடுத்துரு’ என்று மகனிடம் சொல்லிவிட்டார். மகனும் தலையாட்டினார்.

ஆடி பதினெட்டில் ஆரம்பித்தேன், அதிலேயே முடிக்கிறேன். பழைய ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுகிற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. உ.வே.சாமிநாதையர் அதை எவ்வளவு வேதனையோடு எழுதியிருக்கிறார்! விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. பழசாகிவிட்டது, வீட்டில் இடம் இல்லை, படிக்கவும் ஆள் இல்லை. எதை விடுகிறோம் என்று திருப்பிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தீப்பெட்டி லேபிளைச் சுவடிக்கு ஈடாகச் சொல்லவில்லை. ஆனால் திருப்பிப் பார்க்காமல் விடுகிற பழக்கம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

கிளம்பும்போது அண்ணாச்சி அந்த ஹெரால்டு தாளை எடுத்தார். அதன் பின்பக்கத்திலும் பென்சிலால் ரெண்டு வரி எழுதினார். கண்ணாடி இல்லாமல் எழுதியதால் கோணல்மாணலாக இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

‘கார் வாங்கவில்லை. மகனைப் படிக்க வைத்தேன்.’

மகன் அதை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடினார்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அந்த லேபிளின் பின்பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். அடுத்த வெள்ளையடிப்புக்கு இறக்கும்போது, எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் காலியாக இருந்தால், சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே ஒரு பென்சிலை எடுத்து உட்காருங்கள்.